கத்தியைக் கீழே வைக்கச் சொன்ன பேச்சியம்மாள்

செய்தியைக் கொண்டுவந்தவன் என் தம்பி காசிம். நான் கிடங்கில் நின்று ஆட்டுத்தோலின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றவன், "அண்ணே, கத்திக்கடை அக்கா போயிட்டாங்க" என்றான். ஓங்கி ஓர் அறை விட்டேன். முப்பது வயதைத் தாண்டியவன், பிள்ளை குட்டிக்காரன். கன்னத்தைத் தடவிக்கொண்டே மறுபடியும் அதையே சொன்னான். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம்.

தாராவியில் கத்திக்கடை பேச்சியம்மாள் என்றால் எல்லோருக்கும் தெரியும். கடையின் கூரைத் தகரத்தைச் சரிசெய்ய ஏறியவர் இறங்கும்போது, துருப்பிடித்த விளிம்பு அவர் காலைக் கிழித்துவிட்டது. மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு வியாபாரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் தெருவில் நின்று கத்தினேன். "உம்ம சோலியப் பாரும்வே" என்றார். சில நாளில் ரண ஜன்னி கண்டு தாடை பூட்டிக்கொண்டது. சயான் ஸ்டேஷன்வரை கேட்கும்படி பேசிய அந்த வாய் திறக்கவே இல்லை. துரு என்றால் அவருக்கு ஜென்மப் பகை. ஒரு புள்ளித் துருவைக் கண்டாலும் கத்திக்குச் சொந்தக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். அந்தத் துருவே அவரைக் கொண்டுபோய்விட்டது. நினைத்தால் துக்கத்தைவிட ஆத்திரம்தான் வருகிறது.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் மேடை ஏறினால் யாரையாவது திட்டிவிட்டுத்தான் இறங்குவேன். ஆகையால் எழுதித் தருகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும். தெரியாதவர்கள், என் தம்பி இன்று உயிரோடு இருப்பது யாரால் என்பதையாவது தெரிந்துகொள்ளட்டும்.

உலக யுத்தம் தொடங்கிய காலத்தில் அவரும் அவர் கணவர் சுடலைமுத்து அண்ணாச்சியும் எங்கள் தோல் கிடங்கின் வாசலுக்கு நேர் எதிரே கடை போட்டார்கள். கடை என்றால் நாலு கம்பு, ஒரு தகரம், ஒரு பலகை. அவர்கள் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். நாங்கள் மேலப்பாளையம். சீமைக் கத்தி வரத்து நின்றுபோன சமயம். அண்ணாச்சி பழைய சாமான் பஜாரில் துருவேறிய மடக்குக் கத்திகளைப் பொறுக்கி வருவார். பேச்சியம்மாள் அவற்றைப் பிரித்து, தேய்த்து, தீட்டி, புதிதாக்கி விற்பார். சட்டைப் பையிலும் மடியிலும் அன்றாடம் வைத்துக்கொள்ளும் சின்னக் கத்திகள்தான் அவர்களுடைய வியாபாரம்.

எங்கள் முதல் சண்டை கடை போட்ட அந்த வாரத்திலேயே நடந்தது. கிடங்கில் மிஞ்சும் துண்டுத் தோல்களில் கத்தி உறை தைத்து அவர் கடையில் வைத்தால் எனக்கும் அவருக்கும் லாபம் என்று கணக்குப் போட்டு, ஒரு கட்டு உறைகளைக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தேன். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். கட்டோடு தூக்கித் தெருவில் எறிந்தார்.

"தோலுல ஊறுன உப்பும் பட்டைச்சாறும் இரும்பைத் திங்கும்வே. உம்ம உறையில ராத்திரி படுத்த கத்தி காலையில செம்பட்டையா எந்திரிக்கும். என் யாவாரத்தக் கெடுக்கவா வந்தீரு?"

எங்கள் சீமையில் ஆண்கள் போடும் 'வே'யைப் போட்டு ஒரு பெண் பேசி நான் கேட்டது அவரிடம்தான். எனக்கும் மூக்கு நுனியில்தானே கோபம். அவருடைய கத்திப் பெட்டியைத் தூக்கி உறைகளுக்குப் பக்கத்திலேயே வீசினேன். அவர் சாணைக் கல்லைக் கையில் எடுத்துவிட்டார். சுடலைமுத்து அண்ணாச்சி மட்டும் நடுவில் புகுந்திருக்காவிட்டால் என் மண்டை அன்றே பிளந்திருக்கும். அண்ணாச்சியின் தோளில் விழுந்த அடிக்கு மூன்று வேளை ஒத்தடம் கொடுத்தார்களாம்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் அவர் குரல் கேட்டது. "வே பாய், உம்ம தோலு மோசமில்ல. அதுல கத்தி தூங்கத்தான் கூடாது, முகம் தொடைச்சிக்கிடலாம். நல்ல வாரா ஒண்ணு வெட்டித் தாரும்." வெட்டிக் கொடுத்தேன். பலகையில் ஆணியடித்து இழுத்துக் கட்டினார். கல்லில் தீட்டிய கத்தியை அந்த வாரில் முன்னும் பின்னும் இழுத்து ஓர் ஆட்டுமயிரை அலகில் வைத்து ஊதினார். மயிர் இரண்டாக விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

என் கத்தியையும் அப்படித் தீட்டித் தரச் சொல்லி நீட்டினேன். வாங்கவில்லை.

"கீழ வையும்வே. கத்திய கையில கொடுத்தா சண்டை வரும்னு உம்ம வீட்டுல சொல்லலையா?"

"நேத்து நடந்தது என்னக்கா, சமாதானமா?"

"அதுக்கு மேலயும் வரும். வையும்."

எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்தான். எங்கள் சீமையில் சாமி எதுவானாலும் இந்தச் சாங்கியம் ஒன்றுதான். கத்தியைக் கீழே வைக்கவேண்டும். மற்றவர் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சியம்மாள் அதில் இம்மியும் பிசகமாட்டார். பம்பாய்க்காரர் எவராவது காசை நீட்டி, மறு கையைக் கத்திக்கு நீட்டினால், அந்தக் கையைத் தட்டிவிட்டுப் பலகையைக் காட்டுவார்.

கையைத் தட்டுவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மாட்டுங்காவிலிருந்து ஆபீஸ் போகும் பாலக்காட்டு ஐயர் ஒருவர், மாம்பழம் நறுக்கக் கத்தி வேண்டும் என்று வந்தார். ஒன்றைத் திறந்து கூர் பார்க்கக் கட்டைவிரலை அலகோடு ஓட்டினார். பேச்சியம்மாள் மரப்பிடியால் அவர் மணிக்கட்டில் ஒன்று வைத்தார்.

"என்ன இது, கஸ்டமரை அடிக்கறேளே!" என்று ஐயர் குதித்தார்.

"வெரலு போனா எதை வச்சி கையெழுத்துப் போடுவீரு? கூரு பாக்கணும்னா காகிதத்த வெட்டிப் பாரும்."

ஐயர் போலீசுக்குப் போவார் என்று நினைத்தேன். அவரோ சிரித்துவிட்டு இரண்டு கத்தி வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு மாம்பழக் காலம் தவறாமல் வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார். பேச்சியம்மாளிடம் திட்டு வாங்க வருகிறவர்கள் என்றே ஒரு கூட்டம் இருந்தது.

கத்தி தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் உங்கள் கையை விரிக்கச் சொல்வார். உள்ளங்கையின் அகலத்தைவிட அலகு நீளக்கூடாது. நகத்தை வைத்துத் திறந்தால் பாதியில் நிற்காமல் வரவேண்டும். முழுக்கத் திறந்ததும் முதுகு வில் 'டக்' என்று விழும் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்பார். அலகைப் பக்கவாட்டில் ஆட்டுவார். ஆடினால் திட்டிக்கொண்டே பழைய பெட்டியில் எறிவார். மினுமினுப்பைப் பார்த்து எடுத்தவனைப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்தியா, கத்தி வாங்க வந்தியால?" என்பார்.

கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. "எதுக்கு?" பென்சில் சீவ, பீடிக் கட்டு அறுக்க, பழம் தின்ன, அல்லது சும்மா பையில் கிடக்கட்டும் என்று சொன்னவர்களுக்கெல்லாம் கத்தி கிடைத்தது. தற்காப்புக்கு என்றவர்களுக்கு வசவுதான் கிடைத்தது. வட்டாரத் தாதா ஒருவன் நீளக் கத்தி கேட்டு வந்து, கிடைக்காத கோபத்தில் அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே சொந்தக் கத்தியைத் திறந்து ஆட்டினான். பேச்சியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழக்கூட இல்லை. சாணைக் கல்லை அவன் முழங்காலில் இறக்கினார். எலும்பு நொறுங்கிய சத்தம் எங்கள் கிடங்கிற்குள் கேட்டது. அவன் தவழ்ந்துதான் போனான். விட்டுச்சென்ற கத்தியை அவர் துடைத்து, எண்ணெய் விட்டு, "பாவம், நல்ல இரும்பு. போயிச் சேர்ந்த கைதான் சரியில்ல" என்றார். அவருக்கு மனிதர்மீது வராத இரக்கம் கத்திமீது வரும்.

பராமரிப்பு விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்ததை வாங்கியவர் எல்லோரும் கேட்டிருப்பார்கள். "எலுமிச்சம்பழம் வெட்டினா உடனே கழுவு. கழுவினா உடனே தொடை. தேங்காண்ணெய் விடாத, பிசினாப் போவும். தையல் மிசின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அலகை மட்டும் கழுவுதவன் பாதிக் கத்தியத்தான் கழுவுதான். அலகு மடங்குற கீலுக்குள்ள ஊசிய விட்டுக் குத்தி எடு. எல்லாக் கசடும் அங்கதான் போயி ஒளிஞ்சிக்கிடும்." எனக்கே இதை நூறு தடவை சொல்லியிருப்பார். நானும் ஒவ்வொரு தடவையும் "தெரியும்க்கா" என்று எரிந்துவிழுவேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி அவருக்கு நேர் எதிர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கத்திகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு மில் வாசல்களுக்கு நடப்பார். துணிக்கு ரேஷன் கண்ட்ரோல் இருந்த நாட்களில் அவருக்கு ஒரே ஒரு நீலச் சட்டை. வயிற்றருகே அது கிழிந்தபோது நீல நூல் எங்கும் கிடைக்கவில்லை. பேச்சியம்மாள் பளிச்சென்ற சிவப்பு நூலால் இழையோட்டிவிட்டார். தெருவே சிரித்தது. "என்ன அண்ணாச்சி, வயித்துல சிக்னல் விழுந்திருக்கு, வண்டி நின்னுருமா?" என்று காசிம் தினமும் கேலி செய்வான். அண்ணாச்சி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பார். அவர்களோடு ஒரே ஊர்க்காரனான முத்தையாவும் அந்தக் கேலியில் சேர்ந்துகொள்வான். முத்தையா அவர்கள் வீட்டுத் தட்டி மறைப்பிலேயே படுத்து, பேச்சியம்மாள் கையால் உண்டு, சயான் ஸ்டேஷன் வாசலில் அவர்கள் கத்திகளையே விற்றுப் பிழைத்தவன்.

சுதந்திரத்துக்கு முந்தின வருடம் கலவரம் வந்தது. அதை நான் விவரிக்கப்போவதில்லை. பெயரைக் கேட்டுவிட்டுக் குத்தினார்கள், பெயரைக் கேட்காமலும் குத்தினார்கள். சாலையில் கிடப்பவரைத் தாண்டிப் போகப் பழகிவிட்டோம். பேச்சியம்மாள் கடையில் மிச்சமிருந்த பெரிய அலகுகளையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி மாகிம் உப்பங்கழியில் கொண்டுபோய்ப் போட்டார். தீட்டக் கொடுத்திருந்த கத்திகளையும் ஊர் அடங்கும்வரை திருப்பித் தருவதில்லை என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. காசிம் தன் கத்தியைக் கேட்டுப் போனான். "அமைதியாவட்டும் தம்பி, பொறவு தாரேன்" என்றார் அண்ணாச்சி. "எங்க ஆளுங்க வெறுங்கையோட சாவணுமா?" என்று கூச்சலிட்டு, என் தம்பி அந்த நல்ல மனிதரின் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். கீழே விழுந்தவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தெரு முழுக்கப் பார்த்தது. அன்று பகலிலேயே எங்கள் கிடங்கின் பின்சுவரை ஒட்டி அண்ணாச்சி வயிற்றில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார்.

தெருவுக்கு வேறு சாட்சி எதற்கு? காசிம் தள்ளினான், காசிம் குத்தினான். அவ்வளவுதான். காசிம் மத்தியானம் முழுவதும் என் கண் முன்னால் தோலுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தான். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உடலை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, எங்கள் வாசலுக்கு எதிரே ஆட்கள் சேர்ந்தார்கள். கம்பு, கல், மடியில் கத்தி. நாங்கள் பெரிய மரக்கதவை உள்ளே தாழிட்டிருந்தோம். காசிமும் நானும் தொழிலாளிகளும் தோல் சீவும் கத்திகளோடு நின்றோம். கதவு உடைந்தால் முதலில் வருகிறவனைக் குத்துவது என்று நான் முடிவு செய்திருந்தேன். யாராக வந்தாலும் தெரிந்த முகமாகத்தான் இருக்கும். எல்லோரும் என்னிடம் டீ வாங்கிக் குடித்தவர்கள். கதவின் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு எதிரே பார்த்தேன்.

எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் முத்தையா. "அண்ணன் ரத்தம் காயலை! அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உள்ள இருக்கிற ஒருத்தனையும் விடமாட்டோம்!"

பேச்சியம்மாள் கடைக்குள்ளிருந்து வந்து பலகையின் முன் உட்கார்ந்தார். அழுது வீங்கிய முகம். நெற்றி வெறுமையாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிட்டால் என் தம்பி செத்தான்.

"கத்தியெல்லாம் தீட்டியிருக்கா?" என்று கேட்டார்.

இரண்டு பேர் மடியைத் தடவிப் பார்த்தார்கள்.

"மொண்ணைக் கத்திய வச்சிக்கிட்டா பழி வாங்கப் போறீய? பலகையில வைங்க. தீட்டித் தாரேன்."

காசிம் என் தோளைப் பிடித்துக்கொண்டான். 'அக்கா கைவிட்டுட்டா' என்று எனக்குள் ஏதோ ஒன்று ஒடிந்தது. ஒவ்வொருவராக வந்து கத்தியை வைத்தார்கள். முத்தையா நகரவில்லை. "என் கத்தி நல்லாத்தான்க்கா இருக்கு" என்றான். பக்கத்தில் நின்றவன், "கொடுல, அக்கா கை பட்டாத்தான் ராசி" என்று அவன் மடியிலிருந்து உருவிப் பலகையில் வைத்துவிட்டான்.

அவர் அவசரப்படவில்லை. ஒரு கத்தியைத் திறப்பார், ஆட்டிப் பார்ப்பார், கீலுக்குள் ஊசியைவிட்டுக் கிளறுவார், என் தோல் வாரில் இழுப்பார், மடக்கித் தன் மடியில் போட்டுக்கொள்வார். ஒன்று முடிந்து அடுத்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முத்தையாவின் கத்தி நகத்துக்குத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். ஊசியைக் கீலுக்குள் விட்டார். பழுப்பாகப் பொடி உதிர்ந்தது. மறுபடி விட்டார். வெளியே வந்த ஊசியின் நுனியில் எதுவோ சுற்றியிருந்தது. அதை விரலால் நீவி நீளமாக்கி, வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

சிவப்பு நூல். தெருவே கேலி செய்த சிவப்பு நூல். எனக்கு இடுக்கு வழியாகவே தெரிந்தது.

"இது என்னல முத்தையா?"

"கோழி அறுத்தேன்க்கா."

"கோழி சட்டை போட்டிருந்துச்சா?"

பேச்சியம்மாள் எழுந்தார். கத்தியை மடக்கவில்லை. திறந்தபடியே, பிடியை முன்னால் காட்டி, கையை நீட்டினார்.

"உன் கத்திதானல? வாங்கிக்க."

முத்தையா இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்விட்டான். "கீழ வைங்கக்கா."

"எதுக்குல கீழ வைக்கணும்? கையில வாங்கினா சண்டைதான வரும்? நமக்குள்ள என்னல சண்டை? நீ என் சோத்தத் தின்ன பய. வாங்கு."

"கீழ வைங்கக்கா... கீழ வைங்க..."

"வாங்குல செத்த மூதி!"

அவன் ஒரு பார்வை பார்த்தான். திரும்பி ஓடினான். ஸ்டேஷன் சாலைவரைகூடப் போகவில்லை. எங்களைக் கொல்ல வந்த அதே கைகள் அவனைப் பிடித்துக் கீழே தள்ளின. எங்களுக்காகக் கொண்டுவந்த கம்புகளால் அவனை அடித்தார்கள். பல் உடைந்தது, கை ஒடிந்தது. பேச்சியம்மாள் தடுத்தார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அவர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவன் ஓடிவந்து, "அக்கா, என் கத்தியத் தாங்க, ஒரேயடியா முடிச்சிருதேன்" என்று கேட்டபோதுதான் வாய் திறந்தார்.

"இந்தக் கடைக் கத்தி ஒண்ணு என் தாலிய அறுத்தது போதும். ஒருத்தனுக்கும் தரமாட்டேன். போயி போலீசக் கூட்டிட்டு வா."

மடியில் கிடந்த கத்திகளின்மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டார். அந்தக் கைகளை விலக்கி எடுக்க ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை. போலீஸ் வந்து முத்தையாவை அள்ளிக்கொண்டு போயிற்று. அவன் கலவரக்காரர்களுக்கு, இரண்டு பக்கத்தாருக்குமே, நீளக் கத்தி விற்றுவந்ததும், அதை அண்ணாச்சி கண்டுபிடித்துப் போலீசில் சொல்லப்போகிறேன் என்றதும் வழக்கில்தான் தெரியவந்தன. பழியை எங்கள்மேல் போட எங்கள் சுவரோரத்துக்கு அவரைக் கூட்டிவந்திருக்கிறான். இன்று சிறையில் இருக்கிறான்.

கூட்டம் கலைந்ததும் பேச்சியம்மாள் சாலையைக் கடந்து வந்து எங்கள் கதவில் உதைத்தார்.

"வே பாய், திறவும்! உள்ள என்ன புழுங்கிக்கிட்டு கெடக்கீரு?"

திறந்தேன். என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். "அதையும் கீழ வையும். எம்புட்டு நேரமா இறுக்கிப் பிடிச்சிருக்கீரோ, கை வெளுத்துப்போச்சி." வைத்தேன். அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு காசிமின் முன்னால் போய் நின்று, அவன் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டார். "இது அவரைத் தள்ளினதுக்கு." என் தம்பி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான், கணவர் செத்ததிலிருந்து முதல் தடவையாக அவர் வாய்விட்டுக் கதறினார். கொடூரமான சத்தம் அது. எங்கள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பின்னொரு நாள் கேட்டேன். "அக்கா, அவன்தான்னு முன்னாலேயே தெரியுமா?"

"ஆளு தெரியாது. குளிப்பாட்டும்போது குத்தப் பாத்தேன். சின்ன அலகு. உங்க தோலு சீவுற கத்தி இல்ல. நான் போட்ட தையல்லயே எறங்கியிருந்துச்சி, ஒரு இழையக் காணோம். கொன்னவன் அலகைத்தான் கழுவியிருப்பான். எந்தப் பய கீலைக் கழுவுதான்?"

"ஒருவேளை நூலு கிடைக்காமப் போயிருந்தா?"

"கத்தி எல்லாம் என் மடியிலதானவே இருந்துச்சி" என்றார்.



நாடு பிரிந்தபோது கராச்சிக்குப் போய்விடலாம் என்று காசிம் பெட்டி கட்டினான். பேச்சியம்மாள் வந்து பெட்டியைக் காலால் எத்தினார். "கராச்சியில உங்களுக்கு எவம்ல இருக்கான்? அங்க போயி யாருகிட்டல திட்டு வாங்குவ?" பெட்டியின் பூட்டு உடைந்துபோயிற்று. இன்றுவரை அதைச் சரிசெய்யவில்லை. நாங்கள் போகவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவரால் பேச முடியவில்லை. சிறு சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளைந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவரிடம் நான் மெதுவான குரலில் பேசினேன். அவர் எப்போதும் மடியில் வைத்திருக்கும் கொம்புப்பிடிக் கத்தியை நர்ஸம்மா எடுத்துவைத்திருந்தார். "நீங்க கொண்டுபோயிடுங்க" என்று என்னிடம் நீட்டினார். என் கை தானாகப் பின்னால் போயிற்று. "கீழ வைங்கம்மா" என்றேன். கட்டிலிலிருந்து பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பூட்டியிருந்தாலும் கண் சிரித்தது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அறைந்த கன்னம் சிவந்திருக்கக் காசிமும் நானும் அவர் வீட்டுக்குப் போனபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். கொள்ளி வைக்க அண்ணாச்சியின் தம்பி மகன் வந்திருந்தார். மாட்டுங்கா ஐயர் ஒரு மூலையில் குடையோடு நின்றார். நான் கொம்புப்பிடிக் கத்தியைத் திறந்தேன். கீலில் ஊசியைவிட்டு எடுத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தோல் துண்டில் துடைத்து மடக்கினேன். 'டக்' என்று நன்றாகவே விழுந்தது. குனிந்து அவருடைய வலது கையைப் பிரித்தேன்.

சிலர் முகம் சுளித்தார்கள். அண்ணாச்சியின் தம்பி மகன் பதறி, "பாய், கையில கொடுக்காதீங்க, பக்கத்துல வைங்க" என்றார்.

"தெரியும்ய்யா" என்றேன்.

கத்தியை அந்தக் கையிலேயே வைத்து விரல்களை மூடினேன். வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "அக்கா, கையிலதான் கொடுத்திருக்கேன். எந்திரிச்சு சண்டைக்கு வாங்க."